இடுப்பு மூட்டு ஸ்கேன்: அறிக்கை கூறுவது யாது?

வயிற்றில் தலை திரும்பாமல், பிட்டம் முன்வரப் பிறந்த தம் பெண் குழந்தைக்கு ஐந்தாம் வாரத்தில் இடுப்பு மூட்டு ஸ்கேன் எடுத்திருக்கிறார் ஒரு வாசகி. "வலம் 1, இடம் 2-ஏ, ஆல்ஃபா 56" என்ற அறிக்கையைக் கண்டு, "என் மகள் நொண்டுவாளோ?" எனக் கலங்கி எழுதியுள்ளார்.

சகோதரி, தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் கிண்ணம் போன்ற குழியில் பொருந்தி அசைகிறது. பிறந்த குழந்தைக்கு இத்தலை குருத்தெலும்பாகவே இருப்பதால் முதற்சில மாதங்களில் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. ஒலி அலை ஸ்கேனில் தெரியும். ஆஸ்திரிய எலும்பு மருத்துவர் ரைன்ஹார்ட் கிராஃப் 1980-இல் வெளியிட்ட முறையின் அளவுகளே தங்கள் அறிக்கையில் உள்ளவை.

ஆல்ஃபா கோணம் அக்கிண்ணத்தின் எலும்புக் கூரை எவ்வளவு வளர்ந்துள்ளது என்பதைக் காட்டும். 60 பாகையும் அதற்கு மேலும் முதல் வகை, மூட்டு முதிர்ந்துவிட்டது. 50 முதல் 59 வரை இரண்டாம் வகை. இங்கேதான் வயதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 12 வாரத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு அது 2-ஏ: முதிர்ச்சி நிறைவுறவில்லை, பெரும்பாலும் தானே நிறைவுறும். அதே 56 பாகை 12 வாரம் கடந்த பின்னும் நீடித்தால் 2-பி. அப்போது அது குறையே. 43 முதல் 49 வரை இருந்தால் வயது எதுவாயினும் சிகிச்சை வேண்டும். அதற்கும் குறைந்தால் தலை குழியை விட்டு விலகியிருக்கும், நாள் கடத்தலாகாது.

ஆகவே தாங்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மருத்துவர் குறித்த நாளில் மறு ஸ்கேன் எடுக்கத் தவறவும் கூடாது. "பிள்ளை நன்றாக உதைத்து விளையாடுகிறாளே, வீண் செலவு எதற்கு?" என்று வீட்டுப் பெரியோர் கூறக்கூடும். மூட்டு வளராத குழந்தையும் வலியின்றி உதைத்து விளையாடும்! முதல் மாதங்களில் கண்டறிந்தால், கால்களை மடக்கி விரித்து வைக்கும் பாவ்லிக் வார்ப்பட்டையைச் சில வாரங்கள் அணிவிப்பதே பெரும்பாலும் போதும். நடை பழகிய பின் கண்டறிந்தால் அறுவை சிகிச்சை நேரிடலாம். இக்குறை பெண் குழந்தைகளிடமே மிகுதி என்பதையும் பெரியோரிடம் எடுத்துக் கூறுங்கள்.

இடையில், கால் நேராக வளர வேண்டுமென்று துணியால் இறுகச் சுற்றாதீர்கள். எண்ணெய்க் குளியலில் கால்களை நீட்டி இழுத்து நீவவும் வேண்டாம். கழுத்து நின்றபின் நம் தாய்மார் வழக்கப்படி கால்களை அகட்டி இடுப்பில் தூக்கிக்கொள்வது மூட்டுக்கு நன்று. மறு ஸ்கேனுக்குச் செல்கையில் முதல் அறிக்கையையும் படத்தையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.