வேறு கதியில்லை

ஒரகடம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் குழாய்த் தண்ணீரின் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல், 2000-க்குள். 'அனுமதிக்கத்தக்கது' என்று எழுதியிருந்தது. 'நல்ல தண்ணீர்தான்' என்று ஊரார் நிம்மதியடைந்துவிட்டார்கள்.

அங்கேதான் ஏமாந்து போகிறோம். 2012-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, 500 வரையே ஏற்கத்தக்கது என்கிறது. 2000 வரை சலுகை உண்டு. அதுவும் வேறு நீராதாரம் இல்லாத இடத்துக்கு மட்டும். நைட்ரேட் 45-ஐத் தாண்டினால் அந்தச் சலுகையும் கிடையாது.

அப்படியானால் அந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் என்ன? 'உங்களுக்கு வேறு கதியில்லை' என்பதுதான்!

சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் செம்பரம்பாக்கம் ஏரி தூரதேசத்திலா இருக்கிறது? கதியில்லை என்று தீர்மானித்தது யார்? கிராம சபையில் இதைக் கேளுங்கள்.