சஞ்சு வந்தார், ஜடேஜா போனார்: ஐபிஎல் டிரேட் வதந்தியை நம்பலாமா? குற்றாலம் சீசனில் தொடங்கி கார்த்திகை வரை நீண்ட கதை

ஐபிஎல் மினி ஏலம் 2025 டிசம்பர் 16-ம் தேதி அபுதாபியில் முடிந்தது. ஆனாலும் 'சிஎஸ்கே-வுக்கு வரும் அந்த வீரர் யார்?' என்ற வீடியோக்கள் அப்போதும் நிற்கவில்லை. காரணம், ஏலம் முடிந்ததும் டிரேட் ஜன்னல் மறுபடியும் திறந்துவிடும். அடுத்த சீசன் தொடங்க ஒரு மாதம் இருக்கும்வரை அணிகள் தங்களுக்குள் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம்.

தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பக்கத்து சிஎஸ்கே ரசிகர்களுக்கு இந்த விவகாரம் கொஞ்சம் கூடுதல் நெருக்கம். மேப்பை எடுத்துப் பார்த்தால் புரியும். சேப்பாக்கம் 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் ராத்திரி முழுக்கப் பயணம். சஞ்சு சாம்சனின் சொந்த ஊரான திருவனந்தபுரமோ புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போனால் சுமார் 110 கிலோமீட்டர்தான். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர். அந்த வகையில் சஞ்சு இந்தப் பக்கத்துக்கு 'பக்கத்து ஊர் பையன்'. ஜடேஜாவோ குஜராத்தின் ஜாம்நகர். ஆனால் யாரைப் பிரிந்ததற்கு மனசு அதிகம் வலித்தது என்று கேட்டால், பதில் ஜாம்நகர் பக்கம்தான் போகும்.

ஐபிஎல் முடிந்தால் குற்றாலம் சீசன்

2025 ஐபிஎல் இறுதிப்போட்டி ஜூன் 3-ம் தேதி நடந்தது. சிஎஸ்கே 14 போட்டிகளில் 4-ல் மட்டும் வென்று, தன் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம் பிடித்தது. குற்றாலத்தில் சாரல் எட்டிப்பார்க்கும் மாதமும் ஜூன்தான். கிரிக்கெட்டுக்கு ஆஃப் சீசன், குற்றாலத்துக்கு சீசன்.

அந்த மாதங்களில் வெளியூரில் இருந்து குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தண்ணி விழுதா?" வாட்ஸ்அப்பில் ஐந்தருவி கொட்டுவதுபோல வீடியோ வரும், அது போன வருஷத்து வீடியோவாக இருக்கும். அதை நம்பி வேன் பிடித்து வந்தவர் பேரருவியில் நூல்போல ஒழுகும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். உள்ளூர்க்காரர் அந்தத் தப்பைச் செய்ய மாட்டார். அருவிக்கரையில் கடை போட்டிருக்கும் ஆளுக்கு ஒரு போன் போட்டால் போதும், விஷயம் தெரிந்துவிடும். டிரேட் செய்தியில் அப்படிப் போன் போட ஆள் இல்லை என்பதுதான் ரசிகனின் பிரச்னை.

2025-ல் நடந்தது என்ன?

ஆகஸ்ட் மாதம் முதல் பெரிய செய்தி வந்தது. தன்னை விடுவிக்கும்படி ராஜஸ்தான் ராயல்ஸ் நிர்வாகத்திடம் கேப்டன் சஞ்சு சாம்சன் கேட்டதாகச் சொன்னது அந்தச் செய்தி. உடனே 'சஞ்சு சிஎஸ்கே-வுக்கு வாரானாம்ல' என்ற பேச்சு கிளம்பியது. யார் சொன்னா என்று கேட்டால், 'போன்ல வந்துச்சு'.

பதிலுக்கு யார் போவார் என்பதில்தான் குழப்பம். அஸ்வின் பெயர் அடிபட்டது. அவரோ தன் யூடியூப் நிகழ்ச்சியில் சஞ்சுவையே உட்காரவைத்து, நான் கேரளாவில் இருந்துகொள்கிறேன், நீங்கள் சென்னைக்குப் போங்கள் என்ற பாணியில் இதையே கலாய்த்தார். ஆகஸ்ட் 27-ம் தேதி ஐபிஎல்லில் இருந்தே ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அந்த வதந்தி அதோடு முடிந்தது. 9.75 கோடி ரூபாய்க்கு எடுத்த வீரர் விலகியதில் சிஎஸ்கே-வின் கையிருப்பு அந்த அளவுக்குக் கூடியதுதான் மிச்சம்.

பிறகு ருதுராஜ், சிவம் துபே, ஜடேஜா என்று பெயர்கள் மாறி மாறி வந்தன. நடுவில் சஞ்சு டெல்லிக்குப் போகிறார், பதிலுக்கு டிரிஸ்டன் ஸ்டப்ஸ் ராஜஸ்தான் வருகிறார் என்றும் செய்தி ஓடியது. நவம்பர் இரண்டாவது வாரம் உச்சக்கட்டம். ஜடேஜாவின் இன்ஸ்டாகிராம் பக்கம் திடீரென்று காணாமல் போனது. நவம்பர் 11-ம் தேதி சஞ்சுவின் பிறந்தநாளுக்கு சிஎஸ்கே-வின் அதிகாரப்பூர்வ பக்கம் வாழ்த்து போட்டது. ஒரு பிறந்தநாள் வாழ்த்தை இவ்வளவு பேர் இவ்வளவு ஆராய்ந்தது அநேகமாக அதுதான் முதல்முறை!

நவம்பர் 15-ம் தேதி அதிகாரப்பூர்வ அறிவிப்பு வந்தது. சஞ்சு 18 கோடி ரூபாய்க்கு சென்னை. ரவீந்திர ஜடேஜா 14 கோடிக்கும், இங்கிலாந்தின் சாம் கரண் 2.4 கோடிக்கும் ராஜஸ்தான். இரண்டு நாளில் கார்த்திகை பிறந்து, ஐயப்ப பக்தர்கள் கூட்டம் குற்றாலம் வரத் தொடங்கியது. சாரலில் கிளம்பிய பேச்சு, மாலை போடும் நேரத்தில்தான் முடிவுக்கு வந்தது.

வதந்தியை எப்படிச் சோதிப்பது?

நவம்பர் 11-க்கும் 15-க்கும் இடையில் 'டீல் முடிஞ்சிருச்சு', 'டீல் கேன்சல்' என்று இரண்டு விதமாகவும் செய்தி வந்தது. இரண்டுமே முழுப் பொய் இல்லை. ஏன் என்பது கணக்குப் போட்டால் தெரியும்.

சஞ்சுவின் சம்பளம் 18 கோடி. ஜடேஜாவின் சம்பளமும் 18 கோடி. நேருக்கு நேர் மாற்றினால் சரியாகப் போச்சு. ஆனால் ராஜஸ்தான் கூடுதலாக ஒரு வீரரைக் கேட்டது. அவர் 2.4 கோடி சம்பளம் வாங்கும் சாம் கரண். அப்போது வெளியான கணக்குப்படி ராஜஸ்தானின் கையில் இருந்தது வெறும் 30 லட்சம். அதோடு ஒரு அணியில் 8 வெளிநாட்டு வீரர்களுக்குமேல் இருக்கக் கூடாது. ராஜஸ்தானில் எட்டு இடமும் நிரம்பியிருந்தது. ஆக, காசும் இல்லை, இடமும் இல்லை. கடைசியில் ஜடேஜாவின் சம்பளம் 18-ல் இருந்து 14 கோடியாகக் குறைந்தது. இலங்கை சுழற்பந்து வீச்சாளர்கள் ஹசரங்கா, தீக்ஷனா இருவரையும் ராஜஸ்தான் விடுவித்தது. முடிச்சு அவிழ்ந்தது.

இந்தக் கணக்கை ஒரு ரசிகர் மொபைல் கால்குலேட்டரில் போட்டிருந்தால், 'இன்னும் ரெண்டு நாளாகும்' என்று அவரே சொல்லியிருக்கலாம். அடுத்தமுறை ஒரு டிரேட் செய்தி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது கையிருப்பும் வெளிநாட்டு வீரர் எண்ணிக்கையும்தான். அது இடித்தால், யார் சொன்னாலும் அந்தச் செய்தி இன்னும் வேகவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, செய்தி வெளியானதால் யாருக்கு லாபம் என்பது. 'சஞ்சுவுக்கு மூன்று அணிகள் போட்டி' என்று வந்தால் விற்கிற அணிக்கு லாபம், விலை ஏறும். 'சிஎஸ்கே பின்வாங்கியது' என்று வந்தால் வாங்குகிற அணிக்கு லாபம். எதிர்த்தரப்பு இறங்கி வரும். சந்தையில் மாட்டுக்காரர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுகிற விலைதான் இது. இங்கே துண்டை வேண்டுமென்றே கொஞ்சம் விலக்கிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

அதிகாரப்பூர்வப் பட்டியலே தப்பான கதை

2023 நவம்பர் 26-ம் தேதி வெளியான பட்டியலில் ஹர்திக் பாண்டியாவை குஜராத் டைட்டன்ஸ் தக்கவைத்ததாக இருந்தது. மறுநாளே அவர் மும்பை இந்தியன்ஸ் வீரர் ஆனார். 'வதந்தியை நம்பாதீங்க' என்று முந்தின நாள் அறிவுரை சொன்னவர்கள் அசடு வழிந்தார்கள். அந்த மாற்றத்தில் சம்பளம் 15 கோடி என்பது தெரியும். ஆனால் மும்பை அணி குஜராத்துக்குத் தனியாகக் கொடுத்த டிரான்ஸ்ஃபர் தொகை எவ்வளவு என்பதை அதிகாரப்பூர்வமாக யாரும் சொல்லவில்லை. இன்றுவரை ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள்.

பிரச்னையின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஏலத்தில் ஒவ்வொரு லட்சமும் டிவியில் தெரிகிறது. டிரேடில் வீரர் சம்மதம் வேண்டும், பிசிசிஐ ஒப்புதல் வேண்டும் என்பது மட்டும் தெரியும். பேச்சு எப்போது தொடங்கியது, யார் யாரைக் கேட்டார்கள், எவ்வளவு கைமாறியது என்பதெல்லாம் இருட்டு. அந்த இருட்டில்தான் போலி யூடியூப் சேனல்கள் கடை விரிக்கின்றன. 'வதந்தி பரப்பாதீர்கள்' என்று ரசிகனிடம் சொல்வதைவிட, டிரான்ஸ்ஃபர் தொகையை வெளியிடச் சொல்லி அணிகளைக் கட்டாயப்படுத்தினால் பாதி வதந்தி தானாக அடங்கும்.

வீரரின் சம்மதம் எவ்வளவு தூரம்?

ஜடேஜாவின் விஷயத்தில் இந்தக் கேள்வி கொஞ்சம் உறுத்துகிறது. 2010-ல் அவர் ராஜஸ்தானின் இளம் வீரர். ஒப்பந்தம் இருக்கும்போதே வேறு அணியுடன் பேசினார் என்று சொல்லி, அந்த சீசன் முழுக்க அவரை விளையாட விடாமல் தடை போட்டார்கள். வீரர் தானாகப் பேசினால் தடை. 2025-ல் அணிகள் அவரை வைத்து வாரக்கணக்கில் பேரம் பேசின, அது வியாபாரம்.

சிஎஸ்கே-வுக்காக 12 சீசன் ஆடியவர். 2018, 2021, 2023 என மூன்று கோப்பைகளில் பங்கு உண்டு. 2023 இறுதிப்போட்டியில் கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டிய நேரத்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்தவரை, பரஸ்பர சம்மதத்தோடுதான் அனுப்பினோம் என்றது சிஎஸ்கே நிர்வாகம். சம்மதம் இருந்திருக்கும். ஆனால் 'உங்களைக் கொடுக்கத் தயாராகிவிட்டோம்' என்று அணி சொன்னபிறகு, ஒரு 36 வயது வீரர் முடியாது என்று சொல்லி அதே டிரெஸ்ஸிங் ரூமில் எத்தனை நாள் உட்கார முடியும்?

அமெரிக்க பேஸ்பாலில் இந்தச் சண்டை அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்துவிட்டது. 1969-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி, தனக்காக 12 சீசன் ஆடிய கர்ட் ஃப்ளட் என்ற வீரரை பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவருக்கும் அதே 12 சீசன்தான்! நான் போக மாட்டேன் என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-ல் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்க்கையும் அதோடு போய்விட்டது. ஆனால் அடுத்த ஆண்டே ஒரு விதி வந்தது: 10 ஆண்டு லீகில் ஆடி, அதில் கடைசி 5 ஆண்டு ஒரே அணியில் இருந்த வீரரை அவர் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. ஐபிஎல்லில் சம்மதம் எல்லா வீரருக்கும் உண்டு என்பதால் காகிதத்தில் நம் விதி அதைவிட நல்லது. நடைமுறையில் எந்த அளவுக்கு என்பது ஜடேஜாவுக்குத்தான் தெரியும்.

வதந்தியில் ஏமாறுவதிலும் அவர்கள் நமக்கு இளைத்தவர்கள் இல்லை. 2023 டிசம்பரில் ஜப்பான் நட்சத்திரம் ஷோஹெய் ஓடானி டொராண்டோ அணியில் சேரப்போகிறார் என்று செய்தி. கலிஃபோர்னியாவில் இருந்து டொராண்டோவுக்கு ஒரு தனி விமானம் கிளம்ப, ஓடானி அதில்தான் வருகிறார் என்று ரசிகர்கள் ஆப் மூலம் அந்த விமானத்தையே துரத்தினார்கள். இறங்கியவர் கனடா தொழிலதிபர் ஒருவர். மறுநாள் ஓடானி 70 கோடி டாலருக்கு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸை அறிவித்தார். இன்ஸ்டாகிராம் பக்கம் காணோம் என்று நாம் பதறியது இதற்கு எவ்வளவோ தேவலை.

ஏலத்துக்குப் பிறகு என்ன பார்க்க வேண்டியிருந்தது?

ஜடேஜா, பதிரனா எல்லாரையும் விட்டுவிட்டு 43.4 கோடியோடு ஏலத்துக்குப் போனது சிஎஸ்கே. சர்வதேசப் போட்டியே ஆடாத உத்தரப்பிரதேச இடதுகை சுழற்பந்து ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீரை 14.2 கோடிக்கு எடுத்தது. ராஜஸ்தானில் ஜடேஜா வாங்குவதைவிட 20 லட்சம் அதிகம். அதே 14.2 கோடி விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மாவுக்கும். பதிரனா 18 கோடிக்கு கொல்கத்தா போய்விட்டார். "ஜட்டுவ விட்டுட்டு ஜட்டு மாதிரி ஒரு பையனுக்கு இம்புட்டு ரூவாயா?" என்று கேட்டவர்களுக்கு சேப்பாக்கத்தில்தான் பதில் கிடைக்க வேண்டியிருந்தது.

ஏலத்துக்குப் பிறகும் ஜன்னல் திறந்தே இருந்தது. ஆனால் டிசம்பர் 16 ஏலத்தில் வாங்கப்பட்ட வீரர்களை 2026 சீசனுக்கு டிரேட் செய்ய விதியில் இடமில்லாமல் இருந்தது. ஆகவே 25.2 கோடிக்கு கொல்கத்தா எடுத்த கேமரூன் கிரீனோ, அதே அணிக்குப் போன பதிரனாவோ டிரேட் மூலம் சென்னைக்கு வருகிறார் என்று யாராவது அனுப்பியிருந்தால் அதைத் திறந்து பார்க்கத் தேவையே இருந்திருக்காது. மற்ற வீரர்களைப் பற்றி வந்த செய்திகளுக்கு 2026 பிப்ரவரி கடைசி வரைதான் ஆயுள் இருந்தது. 2026 மார்ச் கடைசி வாரத்தில் அடுத்த ஐபிஎல் தொடங்குவதாக இருந்தது.