அக்குறணையில் இலை எப்போது உதிரும்?

செப்டெம்பர் பிறந்தால் போதும். பேஸ்புக்கில் இருக்கிற பின்னல் குழுக்கள் எல்லாவற்றிலும் 'இலையுதிர்காலத் தொகுப்பு' வந்து நிறைந்துவிடும். பூசணி நிறத்தில் சால்வை, சருகு நிறத்தில் தொப்பி, முழங்கால் வரை கம்பளிச் சொக்ஸ். நவம்பர் வந்தால் பனிமான் போட்ட ஸ்வெட்டர். கம்பஸில் எங்களோடு படிக்கிற பிள்ளைகளும், ஊரில் வீட்டிலிருந்தே பின்னி விற்கிற ராத்தாமாரும் அதைப் பார்த்து அப்படியே பின்னுறாங்க. நாங்கள் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அக்குறணையில் இலை எப்போது உதிரும்?

நாலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், இந்த நாட்டுக்கு இருப்பது தென்மேல் பருவமழை, வடகீழ் பருவமழை, இவற்றுக்கு இடையில் வரும் இரண்டு இடைப்பருவங்கள். மழை கடுமையானால் பிங்கா ஓயா பெருகி டவுன் கடைகளுக்குள் தண்ணி வரும். அதுதான் எங்கள் காலநிலை. ஜனவரி விடியலில் சுபஹுக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் குளிரும், பத்து மணிக்கெல்லாம் வியர்க்கும். இந்த ஊருக்குப் பூசணி நிறச் சால்வை என்னத்துக்கு?

"ஆசைக்குப் பின்னுறாங்க, விடுங்களேன்" என்று சிலர் சொல்வாங்க. ஆசையோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அந்த ஆசையை மாதக் கணக்குப் போட்டு விற்கிறாங்களே, அதோடுதான் சண்டை. பின்னல் டிசைனும் நூலும் சேர்ந்தே விற்கிற சரக்கு. ஒரு டிசைனைத் திறந்தால் முதல் வரியிலேயே இந்தக் கம்பனியின் இந்த நூல் இத்தனை பந்து என்று இருக்கும். பருவம் மாறினால் நிறம் மாறும், நிறம் மாறினால் புது நூல் வாங்க வேண்டும். கனடாவில் 2002 இல் தொடங்கிய 'நிட்டி' என்ற இணைய இதழ் டிசைன்களை இலவசமாகத்தான் தருகிறது. ஆனால் அதன் இதழ்களுக்கும் பெயர் அவர்களுடைய பருவங்கள்தான். அவர்கள் ஊரில் அது நியாயம். ஜூலையில் குளிர்கிற அவுஸ்திரேலியாவுக்கே அந்தக் கலண்டர் பொருந்தாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு எப்படிப் பொருந்தும்?

பொருத்தம் என்று நாங்கள் சொல்வது அழகை மட்டும் இல்லை. ஆட்டுக் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்தது போலத் தெரியாது, இழுத்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பும். குளிர்காலடிசைன்கள் அந்தக் குணத்தை நம்பித்தான் போடப்படுகின்றன. இங்கே கடையில் போய் "ஊல்" என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது அக்ரிலிக். அது ஈரத்தைக் குடிக்காது, வியர்வை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கும். சரி, பருத்தி நூலில் போடுவோம் என்றால் பருத்திக்கு மீள்தன்மை குறைவு. ஈரம் பட்டால் பாரமாகித் தொங்கும், மணிக்கட்டுப் பட்டி இரண்டு கழுவலில் தளர்ந்துவிடும். நூலை மாற்றினால் டிசைனையும் மாற்ற வேண்டும். படத்தைப் பார்த்துப் பின்னுகிற பிள்ளைக்கு இதை யாரும் சொல்வதில்லை. ஸ்வெட்டர் கெட்டுப்போனால் தன் கை சரியில்லை என்று நினைக்கும்.

இந்த நாட்டில் அந்நியக் கலண்டருக்கு வேலை செய்வது புதிது இல்லை. 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் திறந்த நாளிலிருந்து நம்ம பெண்கள் ஐரோப்பாவின் குளிருக்கு வேண்டிய உடுப்பை இங்கத்தைய வெயிலில் தைத்து அனுப்புறாங்க. நாம் போடுகிற டீசேர்ட் துணியும் மெசினில் பின்னியதுதான், கிட்டப் பிடித்துப் பார்த்தால் கண்ணி கண்ணியாகத் தெரியும். காமென்டில் ஓர்டர் கொடுப்பவன் கலண்டர் ஓடுவது வயிற்றுப்பாடு. வீட்டில் சொந்த ஊசியும் சொந்த நேரமும் இருக்கும்போதும் ஏன் அதே கலண்டர்?

அந்த நேரத்தையும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். 40 கண்ணி அகலத்தில் 400 வரி கொண்ட ஒரு சாதாரண மப்ளர் 16,000 கண்ணி. நிமிடத்துக்கு 20 கண்ணி என்று வைத்தால் 13 மணித்தியாலத்துக்கு மேல். அவ்வளவு உழைப்பைப் போட்டுவிட்டு, இங்கே யாருக்கும் தேவைப்படாத பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நூல் காசுக்காவது போனால் சரி என்று விற்கிறாங்க. பெண்கள் வீட்டில் சும்மா இருந்து செய்கிற வேலைதானே என்ற பேச்சுக்கு இது இன்னும் வசதி.

இலங்கையில் 'சீசன்' என்று சொன்னால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஏப்ரல் நுவரெலியாதான். அந்த மாதம் ரோட்டோரத்தில் ஸ்வெட்டர் மலையாகக் குவியும். ஆனால் அங்கே தேயிலையில் உறைபனி விழுவது டிசம்பரிலிருந்து பெப்ரவரிக்குள். சீசன் பார்க்க வருகிறவருக்கு ஏப்ரலில் ஸ்வெட்டர். ஜனவரி விடியலில் மலையேறுகிற கொழுந்து பறிக்கும் பெண்ணை நினைத்து யார் டிசைன் போட்டாங்க? தோட்டத் துரைமார் காலத்தில் அவர்களுக்குக் கம்பளியைக் கொடுத்து, அதன் விலையைக் கூலியில் கழித்தாங்க. குளிர் யாருடையது, கம்பளி யாருக்கு என்பது இந்த மலைநாட்டில் எப்போதும் அரசியல்தான்.

நமக்கென்று பருவம் இல்லையா? தாராளமாக இருக்கு. ரமழான் ஒரு பருவம், தொப்பிக்கு அதைவிடப் பெரிய சீசன் எங்கே? அது ஒவ்வொரு வருசமும் 10, 11 நாள் முன்னால் நகரும். 2030 இல் ஜனவரியிலும் டிசம்பரிலும் இரண்டு தடவை நோன்பு வரும். ஏறக்குறைய 33 வருசத்தில் வெயில், மழை எல்லாவற்றையும் சுற்றி வந்துவிடும். அப்படியென்றால் ஒரே தொப்பிக்கு வெயில் காலத்துக்கு வலைக்கண்ணியில் ஒன்று, மழைக் காலத்துக்கு நெருக்கக் கண்ணியில் ஒன்று என்று இரண்டு டிசைன் வேண்டும். எந்த வெளிநாட்டுத் தொகுப்பு இதை யோசிக்கும்? நாற்பது நாள் பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும், மழையில் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்குச் சீக்கிரம் காயும் பை, ஹொஸ்டல் இரவுக்கு மெல்லிய பருத்திச் சால்வை. பட்டியல் போட்டால் நீளும்.

"இதற்கெல்லாம் டிசைன் எங்கே?" என்று கேட்டால், நம்ம உம்மம்மாமாரின் விரலில். அவர்கள் எழுதி வைத்தது கிடையாது, பழைய துண்டு ஒன்றைப் பார்த்துக் கண்ணி எண்ணிப் போட்டவர்கள். அவர்களோடு அது போய்விடும். இப்போது கிடைக்கிற டிசைன்களோ முழுக்க இங்கிலீஷ் சுருக்கெழுத்து. தமிழில் மட்டும் படித்த கெட்டிக்காரிக்கு அந்தக் கதவு மூடியே கிடக்கு. ஜப்பான்காரர் இதற்கு வழி செய்து வைத்திருக்கிறாங்க. கண்ணிக் குறிகளை நாட்டுக்கே பொதுவாக்கி, கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுக்கிறாங்க. ஜப்பான் மொழி ஓர் எழுத்துத் தெரியாதவர்களும் அதைப் பார்த்துப் பின்னுறாங்க. அளவைப் பற்றியும் பயப்படத் தேவையில்லை. எலிசபெத் சிம்மர்மன் 1971 இல் வெளியிட்ட 'நிட்டிங் வித்தவுட் டியர்ஸ்' புத்தகத்திலேயே சொல்லிவிட்டார். ஓர் அங்குலத்தில் எத்தனை கண்ணி என்று அளந்து, உடம்பின் சுற்றளவால் பெருக்கினால் ஸ்வெட்டரின் கணக்கு தானாக வரும். அடுத்தவன் டிசைனுக்கு அடிமையாகத் தேவையில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

ஆகவே பின்னுகிறவர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். இந்த செப்டெம்பரில் பூசணி நிற நூலுக்குக் கொடுக்கிற காசில் ஒரு கட்டக் கொப்பி வாங்குங்கள். வீட்டில் பெரியவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போடுகிற ஒரு தொப்பியைக் கட்டம் கட்டமாக வரையுங்கள். என்ன நூல், எந்த மாதத்துக்கு, கழுவினால் எப்படி இருக்கும் என்று கீழே தமிழில் எழுதுங்கள். அதற்கு இலையுதிர்காலம் என்று பெயர் வைக்காதீங்க. நோன்புத் தொப்பி என்றே வையுங்கள்.