வாசித்த கை யாருடையது என்று கேட்காமல் விட்டோம்

1986 தீபாவளிக்கு வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ பாடல்களைப் பற்றி விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நாம் தொடங்கிய சண்டை ஏறக்குறைய நாற்பது வருடமாக ஓயவில்லை. டீக்கடை பெஞ்சில் ஆரம்பித்தது, பேருந்து நிலையத்தில் தொடர்ந்தது, பிள்ளைகளுக்குக் கல்யாணமான பிறகும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு நடக்கிறது. பேசித் தீராத அளவுக்கு ஒரு பாட்டுத் தொகுப்பை நேசித்தோம் என்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் இத்தனை வருடச் சண்டைக்கு நடுவே நாம் செய்யாமல் விட்ட காரியம் ஒன்று உண்டு. அதை இந்தப் பக்கத்து ரசிகர்கள் எல்லோருமாகச் சேர்ந்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சண்டை எதற்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய தீபாவளிக்கு இதே இயக்குநர் பாலசந்தரும் இசையமைப்பாளர் இளையராஜாவும் கொடுத்த படம் ‘சிந்து பைரவி’. மிருதங்கம், தம்புரா, கர்நாடக ராகங்கள். ராஜாவுக்குத் தேசிய விருதும் வாங்கித் தந்தது. சரியாக ஒரு வருடம் கழித்து அதே கூட்டணியிடமிருந்து சிந்தசைசரும் சீக்வென்சரும் முன்னால் வந்து நிற்கும் இசை வந்தது. “கம்ப்யூட்டர் மியூசிக்” என்றுதான் அப்போது நம் ஊரில் சொன்னோம். ஒரு சாரார் இதில் உயிரில்லை, மிஷின் வாசிக்கிறது, ராஜாவுக்கு இது எதற்கு என்றார்கள். இன்னொரு சாரார் இனிமேல் எல்லாமே இப்படித்தான் வரப்போகிறது, ராஜா பத்து வருடம் முன்னால் போய் நிற்கிறார் என்றார்கள். 1992இல் ‘ரோஜா’ வந்த பிறகு மூன்றாவது கட்சி ஒன்று முளைத்தது. ராஜாவின் குழுவில் அந்த நாட்களில் கீபோர்டு வாசித்த திலீப்தான் பிறகு ஏ.ஆர். ரகுமான் ஆனவர், ஆகவே ‘புன்னகை மன்னன்’ தீம் மியூசிக்கின் பெருமை அவருக்குத்தான் சேரும் என்பது அவர்கள் கட்சி. அன்று முதல் பேச்சு இசையை விட்டு விலகிப்போனது. இவரா அவரா என்பது மட்டும் மிஞ்சியது.

இவரா அவரா என்ற கேள்வியே பிழை என்பது என் தீர்மானம். மெட்டும் அமைப்பும் இசையமைப்பாளருடையவை. அதைக் கருவியில் ஏற்றிய திறமை, ஏற்றியவருடையது. ஒன்றைச் சொன்னால் மற்றொன்று குறைந்துவிடாது.

அந்தக் காலத்துப் பாட்டுப்பதிவு எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டிருந்தால் நமக்கு இது புரிந்திருக்கும். வயலின்காரர்கள், புல்லாங்குழல், கிதார், தபேலா, டிரம்ஸ், பாடகர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் வாசிப்பார்கள். யாராவது ஒருவர் ஒரு சுரத்தில் தவறினால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. சீக்வென்சர் வந்ததும் ஒவ்வொரு சுரத்தையும், அதன் நீளத்தையும், வேகத்தையும் முன்கூட்டியே கருவியில் ஏற்றிவைக்க முடிந்தது. ஏற்றியதை அது களைக்காமல், ஒரு இழைகூடப் பிசகாமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். 1983இல்தான் வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கான ‘மிடி’ முறை வந்தது. யமஹாவின் டிஎக்ஸ்7 கீபோர்டு விற்பனைக்கு வந்ததும் அதே வருடம். அதற்குப் பிறகு மூன்றே வருடத்தில் அந்த உலகத்துச் சத்தம் நம் ஊர்க் கொட்டகையில் கேட்டது. மிஷின் வாசித்தது என்று சொன்ன நாம், மிஷினுக்குள் அதை ஏற்றிய விரல்கள் யாருடையவை என்று கேட்கவில்லை.

பாட்டைப் பாடியவர்கள் யார் யார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். விஜி மேனுவல் என்ற பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ராஜாவின் பாடல்களில் நாம் முணுமுணுத்துத் திரிந்த கீபோர்டு இழைகளில் கணிசமானவை அவர் வாசித்தவை. இன்று அவர் இல்லை. டிரம்ஸ் புருஷோத்தமன் 2020இல் காலமானபோது, அப்படி ஒருவர் இருந்தார் என்பதே இங்கே பலருக்குப் புதுச் செய்தி. கிதார் சதானந்தம், பேஸ் கிதார் சசிதரன், வயலின் வி.எஸ். நரசிம்மன் ஆகியோரையும் நாம் காதால் அறிவோம், பெயரால் அறியோம்.

கேசட் அட்டையில் போடவில்லையே, நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அட்டையில் படப்பெயர், பாடியவர்கள், எழுதியவர் மட்டும்தான் இருக்கும் என்பது உண்மை. வாசித்தவர்களின் பெயர்ப் பட்டியலை அட்டையில் பார்க்க நமக்கு ரகுமான் காலம் வரை ஆனது. ஆனால் அந்த அட்டையையாவது நாம் வாங்கினோமா? மெல்ட்ராக், டிடிகே காலி கேசட்டைக் கொடுத்து, துண்டுச் சீட்டில் பாட்டு வரிசை எழுதி, ரெக்கார்டிங் சென்டரில் பதிந்துகொண்டு வந்தவர்கள்தானே நம்மில் பெரும்பாலோர்? கடைக்காரர் சிவப்பு மசியில் அழகாக எழுதித் தந்த பட்டியலில் பாட்டின் முதல் வரி இருக்கும், படத்தின் பெயர் இருக்கும். பாடியவர் பெயர்கூடச் சில சமயம் இருக்காது. ஏ சைடு முடிவில் நாலு நிமிடம் மிச்சமிருந்தால் அதில் தீம் மியூசிக்கைப் போடச் சொல்வோம், நாடா தீர்ந்து பாதியில் அறுந்தாலும் பரவாயில்லை என்று. பாட்டுக்கு வரி இருந்தால்தான் முழுசாக மரியாதை என்ற பழக்கம் நம்மிடம் ஆழமாக இருந்தது. அதே 1986இல் வந்த ராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தையும் இதே பழக்கத்தால்தான் இழந்தோம். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்யப்பட்ட, பாடல் வரிகளே இல்லாத தொகுப்பு அது. நமக்கில்லை, சபாக்காரர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டோம்.

இந்த அலட்சியம் நம் ஊரோடு நிற்கவில்லை என்பதற்கு மும்பையில் ஒரு சாட்சி உண்டு. இந்திப் படங்களுக்குக் கிதாரும் கீபோர்டும் வாசித்த சரண்ஜித் சிங் 1982இல் மூன்று ரோலண்ட் மின்னணுக் கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் ஒரு தொகுப்பாகப் பதிவு செய்தார். யாரும் சீண்டவில்லை. பழைய இசைத்தட்டு தேடிவந்த நெதர்லாந்துக்காரர் ஒருவரின் கையில் அது சிக்கி, 2010இல் மறுபடி வெளியானது. சிகாகோவில் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற நடன இசை பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பே இந்தியாவில் ஒருவர் அதை வாசித்துவிட்டார் என்று ஒரு கூட்டம் கொண்டாடியது. தற்செயல்தான், சத்தம் ஒத்துப்போகிறது, அவ்வளவே என்றது இன்னொரு கூட்டம். இதெல்லாம் இட்டுக்கட்டியது, இப்போது செய்து பழையது என்கிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் அங்கே ஆளைத் தேடிப் போனார்கள். முதுமையில் அவரை ஐரோப்பிய மேடைகளில் ஏற்றி அதே கருவிகளோடு வாசிக்கவைத்தார்கள். 2015இல் காலமாவதற்கு முன் அவர் தனக்கான கைதட்டலைக் கேட்டுவிட்டார்.

நம் பக்கத்துக் கணக்கைப் பார்த்தால் எனக்கு மனம் கனக்கிறது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ரயில் நின்று போகும் ஊர்களிலெல்லாம் தீமிதித் திருவிழா, பங்குனி உத்திரம், ஆடி மாதக் கூழ் என்றால் மெல்லிசைக் கச்சேரி இருக்கும். அந்த மேடையின் ஓரத்தில் ஒரு கீபோர்டுக்காரர் இருப்பார். ‘புன்னகை மன்னன்’ தீம் வேண்டும் என்று நாம் சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புவோம். அவரிடம் சீக்வென்சர் கிடையாது. கடன் வாங்கி வாங்கிய சின்ன கேசியோ, அல்லது வாடகைக்கு எடுத்த யமஹா. டேப்பில் ஓடவிட்டு, பாஸ் பட்டனை அமுக்கி, ரீவைண்டு செய்து, காதால் பிடித்து, ஸரிகமவை நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருப்பார். மேடையில் இடது கை அடியில் ஓடும் தாளச் சுரங்களை நிறுத்தாமல் வாசிக்கும். வலது கையில் மேலே மெட்டு போகும். ஸ்டுடியோவில் மிஷினுக்கு விட்ட வேலையை இவர் முழங்கை நோக இடது கையால் செய்தார். மிஷின் இசையில் உயிர் உண்டா இல்லையா என்று நாம் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே இரவில், பதில் பத்தடி தூரத்தில் விளக்கு வெளிச்சத்தில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அறிவிப்பாளர் வாத்தியக்காரர்களின் பெயர்களைச் சொன்னபோது நாம் மல்லாட்டை வாங்கப் போயிருந்தோம்.

செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி அம்மன் வழிபாட்டையும் கூத்தையும் பற்றி அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ஃப் ஹில்டெபைடல் வந்து இருந்து பார்த்துப் பெரிய நூல் எழுதினார். அதன் முதல் பகுதி 1988இல் வந்தது. கூத்துக்காவது அப்படி ஒருவர் வந்தார். அதே கோயில் திடலில், கூத்து முடிந்த மறுநாள் நடந்த மெல்லிசைக் கச்சேரியை எழுத யாரும் வரவில்லை. வர வேண்டியதும் இல்லை. அது நம் வேலை. எழுதப் படிக்கத் தெரிந்த நாம், வாழ்த்து மடல் அச்சடித்த நாம், ரசிகர் மன்றத்துக்கு வசூல் செய்து தட்டி கட்டிய நாம், ஒரே ஒரு கச்சேரியின் வாத்தியக்காரர் பட்டியலைக் குறித்து வைக்கவில்லை. நாடா பூசணம் பிடித்ததென்று கேசட்டுகளைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டோம். அவற்றில் சிலவற்றில் நம் ஊர்க் கச்சேரிகள் பதிந்திருந்தன.

அந்தக் கீபோர்டுக்காரர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர், பள்ளியில் இசை சொல்லிக்கொடுப்பவர், விரல் நடுங்குவதால் வாசிப்பதை விட்டவர் என்று நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். இதைப் படிக்கும் விழுப்புரம், திண்டிவனம் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர்களை வீட்டில் போய்ப் பாருங்கள். எந்தக் குழுவில், எந்த வருடம், யார் யாரோடு வாசித்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சுரம் எழுதிய நோட்டு இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். பரணில் கேசட் இருந்தால், இன்னும் ஓடும் டேப் எவரிடமாவது இருக்கும், கேட்டு வாங்கிக் கணினியில் ஏற்றுங்கள். எழுதியதில் ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் கொடுங்கள். ‘புன்னகை மன்னன்’ நல்லதா இல்லையா என்ற சண்டையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.