மலையூரும் மடையூரும்

பாரசீகத்து மலையூர்களைப் பற்றிப் படிக்குந்தோறும் நமக்கு நம் வட்டாரத்து ஆவுடையார்கோவிலே நினைவில் எழுகின்றது. மலைக்கும் சமவெளிக்கும் என்ன உறவு என மாணவர் வினவலாம். நிலமே ஊரின் இயல்பை வகுக்கின்றது என்பதே அவ்வுறவு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பிய நெறி இதற்கு அயலானதன்று.

ஈரான் நாட்டுக் கீலான் மாநிலத்தில் மாசூலே என்னும் சிற்றூர் செங்குத்தான சரிவில் அமைந்துள்ளது. அங்கே கீழ்வீட்டின் கூரையே மேல்வீட்டாரின் முற்றம். ஊரார் நடக்கும் தெருவும் அதுவே. தன் கூரையைப் பேணாதவன் பிறர் முற்றத்தைக் கெடுத்தவனாகின்றான். அந்நாட்டின் வறண்ட பகுதிகளிலோ, மலையடிவாரத்துத் தாய்க்கிணற்றினின்று நிலத்தடியில் மெல்லிய சரிவாக நீரைக் கொணரும் கனாத்து என்னும் சுரங்கக் கால்வாய்கள் உள்ளன. அந்நீரை மக்கள் முறை வைத்துப் பங்கிட்டனர். 2016இல் யுனெசுகோ 11 கனாத்துகளை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இனி நம் ஊரைக் காண்போம். அறந்தாங்கியிலிருந்து மீமிசல் செல்லும் வழியில், கடலுக்கு அண்மையில் உள்ள சமவெளி ஊர் இது. திருப்பெருந்துறை என்னும் பழம்பெயருடையது. மாணிக்கவாசகர் வரலாற்றோடு பிணைந்தது. கோவில் வேலைக்கு உடன்படும் சிற்பிகள் 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என எழுதுவர் என்பது வழிவழி வரும் செய்தி. மரச்சட்டம்போல் கருங்கல்லை இழைத்த அக்கலை, குன்றில்லா ஊரில் மலர்ந்தது வியப்பே.

ஆயின் ஊர்ப்பெருமை பேசும் கட்டுரைகள் கொடுங்கையோடு நின்றுவிடுவதை நாம் ஏற்பதற்கில்லை. இவ்வூரின் உயிர் கண்மாயில் உள்ளது. வடகிழக்குப் பருவமழையே வயலுக்கு முதல். கல்லணைக் கால்வாய் நீர் இவ்வட்டாரத்தின் கடைமடைக்கு வரும்போது மெலிந்தே வருகின்றது. ஆதலின் மழைநீரைத் தேக்கிப் பகிர்ந்துண்ணும் ஒழுக்கம் இங்கே இயல்பாயிற்று. மேல்கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு நீர். மடையைத் திறக்கும் முறையில் சாதி சமயம் பாராது அனைவரும் அடுத்தவரை எண்ணியாக வேண்டும். மாசூலேயின் கூரை கற்பித்த பாடத்தை இங்கே கலுங்கு கற்பித்தது.

இன்று வரத்துக்கால்கள் தூர்ந்தன. கண்மாய்களில் சீமைக்கருவேலம் மண்டுகின்றது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம்பெயரிலேயே திட்டமொன்றைத் தொடங்கியது. பெயர் மீண்டது நன்றே. ஆனால் கண்மாய் ஊராருடையது என்னும் உணர்வை ஆணை ஒன்றினால் மீட்டுவிட இயலாது. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பொருளீட்டும் நம் பிள்ளைகளுக்கு ஊரில் மனை வாங்கத் தெரிகின்றது. அம்மனை எந்த வரத்துக்காலை மறிக்கின்றது எனத் தெரிவதில்லை.

இது புவியியலார் கடன், தமிழ்த்துறைக்கு என்ன வேலை எனச் சிலர் கேட்பர். மடை, குமிழி, கலுங்கு, வரத்துக்கால், நீர்பாய்ச்சி ஆகிய சொற்கள் தமிழ்ச்சொற்கள் அல்லவோ? சொல் மறைந்தபின் அது குறித்த முறைமையும் மறையும். ஆதலின் நம் துறை மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தத்தம் ஊர்க் கண்மாயைச் சுற்றி வந்து, முதியோரிடம் கேட்டு, அதன் உறுப்புகளின் பெயரையும் நீர்ப்பங்கீட்டு முறையையும் எழுதித் தருதல் வேண்டும் என வேண்டுகின்றோம். ஊர்ப்பெரியோர் அதற்குத் துணை நிற்பாராக. சொல்லத் தெரிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே இப்பணி நிகழ்தல் வேண்டும்.