உப்புக்குத் திறந்த கரை

வங்கதேசத்தின் தென்மேற்கு மூலையில், சாத்கீரா மாவட்டத்தில் இருக்கிறது ஷியாம்நகர் உபஜிலா. நம் தாலுகா மாதிரி. தெற்கே சுந்தரவனக் காடு. 1960களில் உப்பு நீரைத் தடுக்க ஆற்றோரம் மண் கரைகள் எழுந்தன. உள்ளே நெல் விளைந்தது.

1980களில் இறாலுக்கு வெளிநாடுகளில் கிராக்கி. கரையைத் துளைத்துக் குழாய் பதித்து, தடுத்த உப்பு நீரையே வயலுக்குள் விட்டார்கள். பண்ணைக்காரர்கள் கையில் பணம் புரண்டது. நடவும் அறுவடையும் நம்பியிருந்த கூலிகளுக்கு வேலை போயிற்று. இறாலைப் பார்த்துக்கொள்ளச் சிலர் போதும். பிழைப்புக்காகப் பலர் புலி உலவும் காட்டுக்குள் தேனெடுக்கவும் நண்டு பிடிக்கவும் போகிறார்கள்.

2009 மே 25ல் அய்லா புயல் வந்தபோது கரைகள் உடைந்தன. ஆறுகள் சூழ்ந்த காபுரா மூழ்கியது. வீடிழந்தவர்கள் எஞ்சிய கரை மேலேயே குடிசை போட்டார்கள். குடிநீர்க் குளங்களும் உப்பாயின. நல்ல தண்ணீருக்காகப் பெண்கள் குடத்தோடு வெகுதூரம் நடக்கிறார்கள்.

இங்குள்ள ஃப்ரெண்ட்ஷிப் மருத்துவமனை, வளாகத்தின் நடுவே கால்வாய் வெட்டி மழைநீரைச் சேர்த்துக்கொள்கிறது. காஷெஃப் சவுத்ரி வடிவமைத்த இக்கட்டடத்துக்கு 2021க்கான பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தின் சர்வதேசப் பரிசு கிடைத்தது. வானம் கொடுக்கும் நல்ல தண்ணீருக்கு வழி செய்தாயிற்று. கரையில் போட்ட துளைகளை அடைப்பது யார்?