இராமாயணப் பெயர் பூண்ட கடற்கரைகள்

ஊர் காண்போம்

விடுமுறை வந்தால் சொந்த ஊர் செல்வதே நம் வழக்கம். உற்றாரையும் குலதெய்வத்தையும் கண்டு திரும்புவதற்கே நாள் போதுவதில்லை. எனினும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளுக்குப் புதியதோர் இடத்தைக் காட்டுதல் நன்று. அவ்வகையில் அந்தமான் தீவுகளை இத்திங்கள் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அங்குள்ள கடற்கரைகளின் அழகு ஒருபுறம் இருக்க, பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வாழும் நமக்கு அவற்றின் பெயர்களே ஒரு செய்தி சொல்கின்றன.

தீவுகளின் தலைநகர் போர்ட் பிளேர். 2024 முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். சென்னை, கொல்கத்தா முதலிய நகரங்களிலிருந்து விமானம் உண்டு. சென்னையிலிருந்து கப்பலில் சென்றால் ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். விடுதலை வீரர்கள் வாடிய செல்லுலர் சிறையை முதலில் கண்டுவிட்டு, அங்கிருந்து படகேறி ஹேவ்லாக், நீல் என்னும் இரு தீவுகளுக்குச் செல்லலாம். ஹேவ்லாக் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நீலும் அதன் அண்மையிலேயே இருக்கிறது.

இவ்விரண்டும் 1857-ஆம் ஆண்டின் எழுச்சியை ஒடுக்கிய ஆங்கிலப் படைத்தலைவர்களின் பெயர்கள். நீலின் சிலை ஒன்று சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது. அதனை அகற்றக் கோரி 1927-இல் தொண்டர்கள் மறியல் செய்து சிறை புகுந்தனர். 1937-இல் இராஜாஜி அமைச்சரவையின் காலத்தில் அச்சிலை அகற்றப்பட்டது. தீவின் பெயரோ அதன் பின்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 2018-இல்தான் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு எனவும், நீல் ஷாகீத் தீவு எனவும் மாற்றப்பெற்றன. 1943-இல் நேதாஜி நிக்கோபாருக்கும் அந்தமானுக்கும் சூட்டிய பெயர்கள் அவை.

ஆட்சியாளர் இட்ட இப்பெயர்களுக்கு இடையே, எளிய மக்களின் வாழ்வோடு வந்த பெயர்கள் வேறு சில உண்டு. நாடு பிரிந்தபின் கிழக்கு வங்கத்தில் வீடும் நிலமும் இழந்து வந்த குடும்பங்கள் 1950களிலும் 1960களிலும் இத்தீவுகளில் குடியேற்றப்பட்டன. காடு திருத்திக் கழனியாக்கினர். நீல் தீவின் காய்கறிகள் இன்றும் தலைநகரின் சந்தைக்குச் செல்கின்றன. அத்தீவின் ஊர்ப்பெயர்கள் யாவை? சீதாபூர், பரத்பூர், இராம்நகர், இலட்சுமண்பூர்! ஹேவ்லாக்கிலோ இராதாநகர், கோவிந்தநகர், கிருஷ்ணநகர். காடேகிய இராமனின் கதை, ஊரிழந்த மக்களுக்குத் துணையாகக் கடல் கடந்து வந்துவிட்டது. ஊரைப் பெயர்த்துக்கொண்டு வர யாராலும் இயலாது. பெயரைச் சுமந்து வர இயலும். வடநாட்டு நகர்களில் கோயில் எழுப்பிச் சங்கம் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இனி அக்கரைகளைக் காண்போம். கீழ்த்திசை நோக்கிய சீதாபூரில் கதிரவன் எழுவதைக் காணலாம். இலட்சுமண்பூரில் அவன் மறைவதைக் காணலாம். பரத்பூரின் ஆழமற்ற நீரில் கண்ணாடி அடித்தளமிட்ட படகிலிருந்தே பவளப் பாறைகளைப் பார்க்கலாம். இலட்சுமண்பூரின் மற்றொரு கரையில் அலையரித்த பாறை ஒன்று பாலம் போல் வளைந்து நிற்கிறது. ஹேவ்லாக்கின் இராதாநகர்க் கரையோ ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள வெண்மணற்பரப்பு. நெடுமரங்கள் அதன் ஓரத்தில் நிழல் செய்கின்றன. 2004-இல் டைம் இதழ் இதனை ஆசியாவின் மிகச் சிறந்த கடற்கரை எனப் பாராட்டியது.

குடும்பத்தோடு செல்வோர் கருத வேண்டியவை சில. பாறைப் பாலத்தை நீர் வற்றும் வேளையில்தான் அணுக முடியும். வற்றமும் ஏற்றமும் நாளுக்கு இருமுறை நிகழ்வன. நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்துவன. ஆகவே புறப்படுமுன் உள்ளூராரிடம் நேரம் கேட்டறிக. நீர் ஏறத் தொடங்கியதும் தாமதியாது திரும்புக. பாறைக் குழிகளில் உயிருள்ள பவளம் இருக்கும். பிள்ளைகள் அதன்மேல் காலூன்றாதபடி பார்த்துக்கொள்க. பவளத் துண்டுகளை எடுத்து வருவது சட்டப்படி குற்றம். சிப்பிகளையும் கரையிலேயே விட்டு வருதல் நலம். கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் உப்புநீர் முதலைகள் வாழ்கின்றன. எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் நீரில் இறங்கவே கூடாது.

பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைக் காணச் சாலை வழியே செல்வோர் ஜாரவா மக்களின் காட்டைக் கடக்க நேரும். நாம் கண்ட பெயர்கள் அனைத்திற்கும் முன்னரே அம்மண்ணில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களைப் படம் பிடிப்பதும், அவர்களுக்குத் தின்பண்டம் வீசுவதும் தடை செய்யப்பட்டவை. தடை இல்லாவிடினும் நாம் செய்யத் தகாதவை. நம் வீட்டு வாயிலில் அயலார் நின்று நம்மை வேடிக்கை பார்த்தால் நாம் பொறுப்போமா?

சனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதத்தில் மழை தொடங்கிவிடும். கோடை விடுமுறைக்குச் செல்ல எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க. தீவுகள் மிகக் கிழக்கே இருப்பதால் திசம்பரில் மாலை ஐந்து மணி அளவிலேயே கதிரவன் மறைந்துவிடுவான். காலையில் முன்னதாகப் புறப்படுவதே அறிவுடைமை.

தலைநகரில் தமிழ்க் குரலும் கேட்கும். முருகன் கோயிலும் உண்டு. 1964-ஆம் ஆண்டின் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் சில, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. ஆகவே சீதாபூரில் காய்கறி விற்கும் வங்க மூதாட்டியைக் கண்டால், விலை கேட்பதோடு நில்லாமல், “அம்மா, தங்கள் ஊர் எது?” என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கு எத்தனை விடைகள் இருக்கக்கூடும் என்பதை நம் பிள்ளைகள் அங்கே அறிந்துகொள்வார்கள்.